புகை வராத கணப்படுப்பு

காப்பி விளைகிற ஊரில் நல்ல காப்பி கிடைக்காது. ஏற்காட்டுக்கு வேலைக்கு வந்த புதிதிலேயே எனக்கு அது புரிந்துவிட்டது. நல்ல கொட்டையெல்லாம் மூட்டை மூட்டையாக மலையிறங்கிப் போய்விடும். இங்கே இருக்கிற நாம் சிக்கரியைக் குடித்துவிட்டு மலைக்காற்றைப் புகழ்ந்துகொண்டிருப்போம். அந்த வகையில் உங்கள் ஸ்டேஷன் காப்பி பரவாயில்லை. டம்ளரில்தான் எனக்கு முன்னால் குடித்தவரின் வெற்றிலை வாசம் இருக்கிறது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், இன்ஸ்பெக்டர் சார். எனக்கு மூக்கு கொஞ்சம் கூர்மை. காலமெல்லாம் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறவனுக்கு வேறு எது கூர்மையாக இருக்கும்.

என்னை யாரும் கூட்டிக்கொண்டு வரவில்லை. நானாக நடந்து வந்தேன். புஷ்பலதா செத்துப்போனது விபத்தில்லை என்று சொல்லத்தான் வந்தேன். சுருக்கமாகச் சொல்லுங்கள் என்கிறீர்கள். சுருக்கமாகச் சொன்னால் நான் ஏதோ ஈவிரக்கம் இல்லாதவன் மாதிரித் தெரிவேன். வரிசையாகச் சொன்னால் ஒவ்வொரு படியும் நியாயமாக இருக்கும். என் இடத்தில் நீங்கள் இருந்தாலும் அதே படியில்தான் கால் வைத்திருப்பீர்கள். அதனால் வரிசையாகவே எழுதிக்கொள்ளுங்கள். பெயர் மெல்வின். எங்கள் கல்லூரியின் மரபுக் கட்டடப் புனரமைப்புக் குழுவுக்கு ஒருங்கிணைப்பாளர். குழுவில் வேறு யாரும் கிடையாது.

மஞ்சக்குட்டை போகிற வழியில், சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே அந்தத் துரை பங்களா இருக்கிறது. எஸ்டேட் முதலாளி அதைக் கல்லூரிக்குத் தானமாகக் கொடுத்தார். இடிக்கிற செலவு மிச்சம் என்று மேடைக்குப் பின்னால் சொன்னார். மேடையில் வேறு மாதிரிச் சொன்னார். எங்கள் பிரின்சிபால் ஜோஸ்லின் மேடம், "இது கட்டடமல்ல, வகுப்பறை, வகுப்பறை மட்டுமல்ல, இந்த மலை மக்களின் மன்றம்" என்று பேசினார். மலை மக்கள் வெளியே ஜீப்புகளில் உட்கார்ந்திருந்தார்கள். பந்தலில் இடமில்லை.

உள்ளே போய்ப் பார்த்தவன் நான் ஒருவன்தான். தரையெல்லாம் வௌவால் எச்சம், கால் புதைந்தது. மாடு கட்டியிருந்த சாணம் காய்ந்து தரையோடு தரையாகிக் கிடந்தது. கூடத்து மூலையில் யார் யாரோ வருஷக்கணக்காக மூத்திரம் பெய்து, சுவர் மஞ்சள் பூத்து உப்பு உப்பாக உதிர்ந்தது. ஆனாலும் நான் வெளியே வரவில்லை. இந்த அசிங்கத்தையெல்லாம் சுரண்டி எடுத்தால் அடியில் எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்குக் கல்யாணமாகவில்லை, பெண் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பொறுப்பு என்னிடம் வந்ததற்குக் காரணம் ஒன்றுதான். சுண்ணாம்பு என்றால் கெமிஸ்ட்ரிதானே என்றார் மேடம்.

சிமெண்ட் ஒரு கரண்டி கூடப் படக்கூடாது என்று சொல்லிவிட்டேன். சுண்ணாம்பை நீற்றி, கடுக்காய் ஊறவைத்த தண்ணீரும் வெல்லமும் சேர்த்துப் புளிக்கவிட்டு, அரைத்துப் பூசினோம். மேல்பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு. சின்னன் மேஸ்திரியும் அவர் ஆட்களும் கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்துச் சுவரைப் பளிங்காக்கினார்கள். அந்தச் சுவர் எதிரே நின்றால் நம் முகம் லேசாகத் தெரியும். பொட்டு, மரு, அம்மைத் தழும்பு எதுவும் தெரியாது. நல்ல சுவர் அப்படித்தான் இருக்கும்.

பங்களாவின் ஆதிகாலப் படம் ஒன்று எங்களிடம் இருந்தது. அதில் என்ன இருந்ததோ அது இருக்க வேண்டும், அதில் இல்லாதது போக வேண்டும். நான் வைத்துக்கொண்ட சட்டம் இவ்வளவுதான். பிற்காலத்தில் கணக்கெழுதுகிற யாரோ ஒரு எஸ்டேட் ரைட்டர் குடியிருந்தபோது கூடத்தின் சுவரில் காற்றுக்காகப் பெரிய பெரிய துளைகள் போட்டிருந்தார். படத்தில் துளை இல்லை. அடைத்துவிட்டேன். ஜன்னல் இடுக்கில் பனி புகுந்து சுவர் வேர்த்தது. எல்லா இடுக்கிலும் ரப்பர் பட்டை ஒட்டினேன். கதவும் அப்படியே. மூடினால் பெட்டி மாதிரி மூடும்.

படத்தில் கூரைமேல் ஒரு புகைபோக்கி இருந்தது. கூடத்துச் சுவரில் குளிர்காய்கிற கணப்படுப்பு ஒன்று இருந்ததற்கான தடமும் இருந்தது. மேஸ்திரி சுவரின் மேல்பக்கத்தில் ஏறி, புகை போகிற பாதைக்குள் கம்பியை விட்டுக் குத்திப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"சார், உள்ள கல்லும் மண்ணுமா நெறைஞ்சு கெட்டியாக் கெடக்குதுங்க. எடுக்கோணும்னா இந்தச் செவுத்தை ஒடைக்கோணுங்க. ஒடைச்சுப் போடட்டுங்களா?"

நான் சுவரைத் தடவிப் பார்த்தேன். பூச்சு முடிந்து ஈரம்கூடக் காயவில்லை.

"வேண்டாம். கூரைமேல படத்துல இருக்கற மாதிரி புகைபோக்கியைக் கட்டுங்க. கீழே அடுப்பைக் கட்டுங்க."

"நடுவுலீங்க சார்?"

"நடுவுல யாரு பார்க்கப் போறாங்க."

"அதுஞ்சரிதானுங்க" என்றார் மேஸ்திரி. வெளியே போய் வெற்றிலையைத் துப்பினார். அந்த மட்டுக்கும் பழக்கி வைத்திருந்தேன்.

இதில் ஏமாற்று ஒன்றுமில்லை. கல்யாண மண்டபத்து வாசலில் தெர்மகோல் யானை நிற்கிறது. அதன் மேல் யாரும் ஏறி உட்காருவதில்லை. நானும் பார்க்கத்தான் வைத்தேன். ஆனால் திறப்பு விழாவுக்கு முன்னால் ஜோஸ்லின் மேடம் வந்து அடுப்புக்கு எதிரே நின்று, கையைக் கோத்துக்கொண்டு கேட்டார்: "ஒர்க் ஆகும்தானே, மெல்வின்?"

"ஆகும் மேடம்" என்றேன்.

நான் சொன்ன பொய் அந்த ஒரு வார்த்தைதான். மற்றதெல்லாம் அந்த வார்த்தைக்குச் செய்த பராமரிப்பு.

மேடம் அதை மேடையில் சொல்லிவிட்டார். வந்திருந்த முன்னாள் துணைவேந்தர் ஒருவர் விளக்கேற்றுவதற்குப் பதில் கணப்பை ஏற்றுவதாகக் கிளம்பினார். விறகு பற்றியது. புகை மேலே போய்ப் பார்த்தது, வழியில்லை, கூடத்துக்கே திரும்பி வந்தது. பொன்னாடைகள் எல்லாம் இருமின. "புகைபோக்கி இன்னும் சூடேறவில்லை, புது மனுஷங்களைப் பார்த்தா அப்படித்தான்" என்றேன். படித்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். துணைவேந்தர் கண்ணிலும் மூக்கிலும் ஒழுக, மைக்கைப் பிடித்து, "இது பழமையின் மணம்" என்றார். கைதட்டினார்கள்.

எல்லோரும் போன பிறகு பார்த்தால், அடுப்புக்கு மேலே வெள்ளைச் சுவரில் ஒரு நாக்கு மாதிரிக் கரி படிந்திருந்தது. நாய் நக்கிவிட்டுப் போனதுபோல. சப்பாத்தி மாவைப் பிசைந்து உருட்டி, ஒற்றி ஒற்றி அந்தக் கறையை எடுத்தேன். எடுத்துக்கொண்டிருக்கும்போதே முடிவு செய்தேன், இனி இங்கே விறகு இல்லை. மரக்கரி.

கரிக்குப் புகை கிடையாது. கனிந்து சிவப்பாக நிற்கும், படத்துக்கு நன்றாக இருக்கும், சுவரில் எதுவும் படியாது. அதிலிருந்து வருகிற கரியமில வாயுவைப் பச்சைச் சுண்ணாம்பு குடித்துக் கல்லாக இறுகும்; அதுவும் எனக்கு வேண்டியிருந்தது. ஆனால் அடைத்த அறையில் கரி எரியப் போதிய காற்று இல்லாவிட்டால் இன்னொன்றும் வரும். கார்பன் மோனாக்சைடு. முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு நான் எடுக்கிற பாடம் அது. ரத்தத்தில் பிராணவாயு உட்காருகிற இடத்தில் அது போய் உட்கார்ந்துகொள்ளும், எழுந்திருக்காது. நிறமில்லை, மணமில்லை. மனிதர்களிடமிருந்து வருகிற எதையும்விடச் சுத்தமானது. கறை வைக்காது. அந்த வாயுமேல் எனக்கு எப்போதுமே ஒரு மரியாதை உண்டு.

ஆமாம், தெரியும். தெரியாமல் செய்தேன் என்று எழுதினால் கையெழுத்துப் போட மாட்டேன்.

கட்டடம் பாடம் நடத்தவும் மக்கள் நிகழ்ச்சிகளுக்கும் என்று கல்வெட்டில் போட்டிருந்தது. பாடத்தில் தொந்தரவில்லை, மாணவர்களைக் கூட்டி வந்து, சுற்றிக் காட்டி, உடனே வெளியே அனுப்பிவிடுவேன். மக்கள்தான் கஷ்டம். வாழவந்தியிலிருந்து ஒரு குடும்பம் காது குத்துக்குக் கேட்டது. வந்தார்கள். குழந்தை சுவரோரமாகக் கக்கியது. பெண்கள் சுவரில் தலை சாய்த்து உட்கார்ந்தார்கள். அவர்கள் எழுந்து போன பிறகு தேங்காய் எண்ணெய் வட்டங்கள் வரிசையாக, சுவருக்குச் சொறி பிடித்த மாதிரி. அதன் பிறகு சுவரை ஒட்டிக் கயிறு கட்டினேன். செருப்புக்குத் தடை, வெற்றிலைக்குத் தடை, மேளத்துக்குத் தடை, சமையலுக்குத் தடை, சாய்வதற்குத் தடை. மக்கள் நிகழ்ச்சி தாராளமாக நடத்தலாம், இவைதான் நிபந்தனை.

மகளிர் குழுக் கூட்டம் ஒன்று அப்படி நடந்தது. நல்ல மழை. கதவைச் சாத்தி, கரியைப் போட்டேன். பாதிக் கூட்டத்தில் இரண்டு பெண்கள் தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார்கள். கேன்டீன் எலுமிச்சைச் சாதம்தான் காரணம் என்று நான் சொன்னேன். கேன்டீன் நடத்திவந்த கிருஷ்ணம்மாளை மேடம் அன்றைக்கே நிறுத்திவிட்டார். "நா வெச்ச சோறு சாமிக்குப் படைக்கிற மாதிரிங்க சார், எந்தச் சட்டியிலயும் ஊசல் இல்லீங்க" என்று என்னிடம் வந்து அழுதாள். அவள் சொன்னது சரிதான். நான் அந்தத் தரையைக் கழுவுவதிலேயே கவனமாக இருந்தேன். எத்தனை தண்ணீர் விட்டாலும் அந்தப் புளித்த வாடை போகவில்லை.

அதற்குப் பிறகு மக்கள் யாரும் நிகழ்ச்சி கேட்டு வரவில்லை. எனக்கு நிம்மதி, மேடத்துக்குக் கவலை. கட்டட மரபுக்கான அகில இந்திய விருது ஒன்றுக்கு எங்களைப் பரிந்துரைத்திருந்தார்கள். நடுவர்கள் நேரில் வருவார்கள், மக்கள் பங்கேற்பைப் பார்ப்பார்கள், எரிகிற கணப்படுப்பைப் பார்ப்பார்கள். மேடம் கொஞ்சம் யோசித்துவிட்டு, மக்களை நாமே வேலைக்கு வைத்துக்கொண்டால் என்ன என்றார். அப்படித்தான் புஷ்பலதா வந்தாள்.

எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவள். புருஷன் சின்னராஜ் மஞ்சக்குட்டைக்கு ஷேர் ஜீப் ஓட்டுகிறவன். அவள் வேலை, துரை காலத்து வேலைக்காரி மாதிரி வெள்ளைச் சீலையும் முழங்கை வரை ரவிக்கையும் போட்டுக்கொண்டு, கணப்படுப்புப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து, கரியைத் தள்ளித் தள்ளி, சட்டியில் காப்பிக்கொட்டை வறுப்பது. வருகிறவர்கள் படம் எடுத்துக்கொள்வார்கள். அவ்வளவுதான்.

முதல் நாளே உடுப்பைப் பார்த்துச் சிரித்தாள். "ஏனுங்க சார், எங்கம்மா இதே எஸ்டேட்டுல காலத்துக்கும் பழம் பறிச்சுதுங்க. ஒரு நாளும் இம்புட்டு வெள்ளையாக் கட்டுனதில்லீங்க. கட்டுனா அட்டை கடிச்ச ரத்தம் தெரியுமில்லீங்க."

"சிரிக்காமல் உட்கார வேண்டும்" என்றேன்.

"அந்தக் காலத்துல சிரிக்கவே மாட்டாங்களாங்க? அப்பறம் புள்ளை குட்டியெல்லாம் எப்படிங்க சார் பொறந்துச்சு?"

வாய் ஜாஸ்தி. ஆனால் சுத்தமானவள், அவள் மேல் பவுடர் வாசம்தான் வரும். தலையைச் சுவரில் சாய்க்க மாட்டாள். அவளைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுதான் காரணம். சும்மா உட்கார்ந்திருப்பதற்குச் சம்பளம் என்று சொன்னால் புருஷன் நம்பமாட்டேன் என்கிறான் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே சட்டியை ஆட்டுவாள்.

கொஞ்ச நாளில் சிரிப்பு குறைந்தது. "தலைக்குள்ள யாரோ ஒரல் இடிக்கிற மாதிரி இருக்குதுங்க சார். ஊட்டுக்குப் போனாச் செரியாப் போயிருதுங்க. மறுக்கா இங்க வந்து உக்காந்தா மறுக்கா வருதுங்க." மாத்திரை கொடுத்தேன். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. ஆட்கள் வராத நேரத்தில் கொஞ்சம் வெளியே நின்றுவிட்டு வரச் சொல்வேன். நான் அந்தக் கூடத்துக்குள் ஒரு வேலையாகப் போனால் மூச்சை அளந்து போவேன், மூச்சை அளந்து வருவேன். வருகிறவர்களுக்கு வராண்டாவில் நின்றபடிதான் விளக்கம் சொல்வேன். எனக்குக் குளிர் பிடிக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

ஒரு நாள் அவளே விளையாட்டாக, "துரைசாணி ஆவி கீவி சுத்துதுங்களா சார் இந்த ஊட்டுக்குள்ள?" என்று கேட்டாள். அந்த வழியை அவள்தான் எனக்குக் காட்டினாள். "அப்படித்தான் சொல்றாங்க. இந்தக் கூடத்திலேயே ஒரு துரைசாணி தலைவலியில் செத்தாளாம்" என்றேன். எந்தத் துரைசாணியும் இல்லை. அப்போது என் வாயில் பிறந்தவள்தான். ஒரு வாரத்தில் அந்தத் துரைசாணி கிளியூர் வரைக்கும் போய்விட்டாள். சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் ஆவியைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார்கள். ஜோஸ்லின் மேடத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத மரபு என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை, அது கண்ணுக்குத் தெரியாததுதான். "சேர்வராயன் மலை மக்களிடையே தலைவலியும் ஆவி நம்பிக்கையும்" என்று கருத்தரங்கில் நான் ஒரு கட்டுரை படித்தேன். முதல் பரிசு. நம் மக்கள் எல்லாவற்றுக்கும் பேயைக் காரணம் சொல்கிறார்களே என்று கேள்வி நேரத்தில் ஒரு பேராசிரியர் வருத்தப்பட்டார். நானும் வருத்தப்பட்டேன்.

சின்னராஜ் சேர்வராயன் கோயிலுக்குப் போய் மந்திரித்த கறுப்புக் கயிறு வாங்கி வந்து அவள் கையில் முழங்கைக்குக் கீழே கட்டினான். உடுப்புக்குப் பொருந்தவில்லை, ரவிக்கைக் கைக்குள் தள்ளிவிட்டுக்கொள்ளச் சொன்னேன். பிறகு அவன் என்னைப் பார்க்க வந்தான். ஜீப்பை நிறுத்தாமல் ஓடவிட்டபடியே இறங்கி வந்து வராண்டாப் படியில் நின்றான்.

"சார், பேய்க்கெல்லாம் நான் பயப்படலீங்க. அவளுக்குச் சோத்தைப் பார்த்தாலே குமட்டுதுங்கறா. நேத்து அடுப்புல பாலை வெச்சுப்போட்டு, இதை யாரு வெச்சதுன்னு என்னையக் கேக்கறாங்க சார். நொம்ப மாறிப்போயிட்டாங்க. கொஞ்சம் வராண்டாவுல உக்கார வெச்சீங்கன்னாப் போதுங்க."

"நடுவர்கள் வந்துவிட்டுப் போகட்டும், சின்னராஜ். மறுநாளே வராண்டாவுக்கு மாற்றிவிடுகிறேன்."

"நிச்சயமாங்க?"

நிச்சயம் என்றேன். அது பொய்யில்லை. உண்மையிலேயே மாற்றியிருப்பேன். வராண்டாவுக்கு எந்த நாற்காலி பொருந்தும் என்றுகூடப் பார்த்து வைத்திருந்தேன்.

நடுவர்கள் வருகிற அன்றைக்கு மலை முழுக்க மூட்டம். எதிரில் வருகிறவர் முகம் தெரியவில்லை. சுவர் வேர்க்கக் கூடாது என்று காலையிலேயே கரியைக் கூட்டி, கதவு ஜன்னலெல்லாம் சாத்தி, அவளை உட்கார வைத்தேன். கொண்டை ஊசி வளைவில் ஒரு லாரியும் பஸ்ஸும் மாட்டிக்கொண்டதில் நடுவர்கள் வர நேரமாகிவிட்டது. மேடம் அவர்களோடு காரில் இருந்தார். போன் பண்ணி, "கூடம் கதகதன்னு இருக்கட்டும் மெல்வின், எல்லாரும் நடுங்கிட்டு வர்றாங்க" என்றார். இன்னொரு கூடைக் கரியைக் கொட்டினேன்.

ஒரு முறை அவள் கதவைத் திறந்து தலையை நீட்டினாள். "சார், செத்த வெளிய நின்னுட்டு வரட்டுங்களா? கண்ணு இருட்டிக்கிட்டு வருதுங்க."

அவளுக்குப் பின்னாலிருந்து இளஞ்சூடு வந்தது. முன்னாலிருந்து மூட்டம் உள்ளே போய்க்கொண்டிருந்தது. நான் சுவரைத்தான் பார்த்தேன். "இதோ வந்துட்டாங்க கண்ணு. கொஞ்சம் பொறுத்துக்க" என்றேன். கண்ணு என்று அவளை அன்றைக்குத்தான் கூப்பிட்டேன். அதில் கொஞ்சம் பூரித்துப் போனாள் என்றுகூடச் சொல்லலாம். உள்ளே போய் உட்கார்ந்தாள். கதவை நான் இழுத்துச் சாத்தினேன். தாழ் போடவில்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள். அவள் எழுந்து வந்திருக்கலாம். ஆனால் அந்த வாயு முதலில் காலைத்தான் பிடிக்கும், அதுவும் எனக்குத் தெரியும், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். சட்டி மடியிலிருந்து நழுவி, கொட்டையெல்லாம் தரையில் உருண்டது. வறுத்த கொட்டையில் எண்ணெய் இருக்கும். தரையில் பிசுக்கு ஒட்டும். நான் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். கொட்டையைப் பொறுக்கிச் சட்டியில் போட்டேன். சட்டியை அவள் மடியில் வைத்தேன். அவள் தலை சாய்ந்து சுவரில் பட்டுக்கொண்டிருந்தது. என் கைக்குட்டையை மடித்து நடுவில் வைத்தேன். கை ஒன்றைத் தூக்கிக் கன்னத்தில் கொடுத்து நிறுத்தினேன். கைமணிக்கட்டைப் பிடித்தபோது நாடி ஓடிக்கொண்டிருந்தது. வேகமாக, மெலிசாக. அவள் வாயோரம் எச்சில் வழிந்தது, துடைத்தேன். எனக்கு எச்சில் என்றாலே ஆகாது, இருந்தாலும் துடைத்தேன். கண் பாதி திறந்திருந்தது. என்னைப் பார்த்தாள் என்றுதான் நினைக்கிறேன். உதடு எதையோ சொல்ல அசைந்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை.

வெளியே கார் கதவுகள் சாத்துகிற சத்தம் கேட்டது.

நடுவர்கள் மூன்று பேர். மேடம் ஆரத்தி எடுக்க ஆள் வைத்திருந்தார். கூடத்துக்குள் நுழைந்ததும் மூன்று பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். பளிங்குச் சுவர், சிவந்த கரி, அதன் பக்கத்தில் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருக்கிற பெண். முகம் நல்ல ரோஜா நிறமாக ஏறியிருந்தது. ஒரு நடுவர் குரலைத் தாழ்த்தி, "அவளைக் கலைக்காதீர்கள்" என்றார். இன்னொருவர் முழங்காலிட்டு அவளைப் படம் எடுத்தார். இவ்வளவு அசையாமல் எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். பயிற்சி என்றேன்.

ஜோஸ்லின் மேடம் என் காதருகே, "சம்பளத்தை ஏத்திக் கொடுத்துடலாம் மெல்வின்" என்றார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஆஸ்பத்திரி கீழே கூப்பிடு தூரம். வெளியே நாலு கார், நாலு டிரைவர். சொல்லியிருந்தால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று கேட்டால் அடுப்பைப் பார்ப்பார்கள், அடுப்பைப் பார்த்தால் அண்ணாந்து பார்ப்பார்கள். நான் கடுக்காயைப் பற்றிச் சொன்னேன். வெல்லத்தைப் பற்றிச் சொன்னேன். முட்டை வெள்ளைக்கருவைப் பற்றிச் சொல்லும்போது ஒரு நடுவர் தனக்கு லேசாகத் தலை வலிக்கிறது என்றார். துரைசாணி கதையைச் சொன்னேன். மூவரும் ரசித்துச் சிரித்தார்கள். அழைத்துக்கொண்டு வராண்டாவுக்கு வந்துவிட்டேன். அங்கே பலகாரம் சாப்பிட்டு, மரக்கன்று நட்டு, கையைக் கழுவி, துண்டால் துடைத்துக்கொண்டு, நிதானமாக ஏறிப் போனார்கள். மேடமும் கூடவே போனார்.

கடைசிக் கார் திருப்பத்தில் மறைந்த பிறகுதான் ஜன்னல்களைத் திறந்தேன். கரியை வாரி வெளியே கொட்டினேன். பிறகு அவளைத் தூக்கிக்கொண்டு வந்து வராண்டாவில் கிடத்திவிட்டு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். சின்னராஜ் உடுப்போடு அவளைப் பார்த்ததும் அந்த ரவிக்கையைப் பிடித்து இழுத்து இழுத்துக் கழற்றப் பார்த்தான். "எந்திரிச்சு ஊட்டுக்கு வா புள்ளே, இவங்க நாடகம் போதும்" என்று கத்தினான். வெளியே நின்ற கூட்டம் துரைசாணி கொண்டுபோய்விட்டாள் என்று பேசிக்கொண்டது. நான் மறுக்கவில்லை. உறுதிப்படுத்தவும் இல்லை.

விருது கிடைத்தது, உங்களுக்குத் தெரியும். அவர்கள் போட்ட புத்தகத்தின் அட்டையில் அவள் படம்தான். பார்க்கிறவர்கள் எல்லோரும் என்ன உயிரோட்டம் என்கிறார்கள். அவர்கள் சொல்வது சரி. அந்தப் படத்தில் அவள் உயிரோடு இருக்கிறாள். அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

சேலத்திலிருந்து பிரேதப் பரிசோதனை முடிவு வந்த பிறகு கல்லூரி ஒரு வக்கீலை வைத்தது. மேஸ்திரி சின்னன் கட்டியதில்தான் குறை, புகைபோக்கி அடைத்துக்கொண்டது, தரமில்லாத வேலை என்று எழுதிக் கொடுத்தார்கள். அவரை நீங்கள் பிடித்து வந்துவிட்டீர்கள். உள்ளே அவர் இருமுவது இங்கே கேட்கிறது. அவரை விட்டுவிடுங்கள், அவர் நான் சொன்னதைச் செய்தார். ஒரு நிரபராதி எனக்காகச் சிறைக்குப் போவதை என் மனசாட்சி பொறுக்கவில்லை. அதற்காகத்தான் வந்தேன்.

நேற்று ஒரு இன்ஜினியரைக் கூட்டி வந்தார்கள். அவர் கையில் சுத்தியலோடு சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, மொத்தமும் பழுது, உடைத்துவிட்டு டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்றாராம். மேடமும் சரி என்றாராம். எங்கே கேட்டாலும் வேலையில் குறை, வேலையில் குறை என்றே பேசுகிறார்கள். அதைக் கேட்டபோது இருந்த இடத்தில் இருக்க முடியவில்லை, உடனே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பி வந்துவிட்டேன்.

கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன்னால், தாளில் மேலே பழுதான புகைபோக்கி என்று எழுதியிருக்கிறீர்கள், அதை அடித்துவிடுங்கள். அது பழுதாகவில்லை, நான் சொன்னபடிதான் இருந்தது. அந்தப் பெண்ணைக் கொன்றது நான்தான் என்று கொட்டை எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள், சார். சுவர்மேல் மட்டும் பழி வரக்கூடாது.